ரௌட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் யார் கையில் இருக்கிறது?

கோபிச்செட்டிபாளையத்தில் மாமா வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைஃபை ரௌட்டர் இருக்கிறது. அதன் முதுகில் இருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். அந்த டிஸ்க்குக்கு வீட்டில் மூன்று பெயர். மாமா அதை ‘பேக்கப்’ என்பார். அத்தைக்கு அது ‘வைஃபை டிஸ்க்’. கல்லூரிக்குப் போகும் மச்சான் ‘நம்ம சொந்த கிளவுட்’ என்பான்.

போன வருடம் ஆடி மாதம், அக்காவின் கல்யாண வீடியோவை மச்சான் அதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது காற்றில் தென்னை மட்டை லைன் மேல் விழுந்து கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகு டிஸ்க் திறக்கவில்லை. கழற்றி லேப்டாப்பில் செருகினால் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்டது. பத்து வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. இடம் போதவில்லை என்று போன்களில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டிருந்தார்கள்.

“ஏப்பா மாப்ள, அது வைஃபையிலதான இருந்துச்சு? கரண்ட் போனா படம் எப்படிப் போகும்?” என்று மாமா கேட்டார். அன்று என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று பெயர்களுமே அவர்களை ஏமாற்றியிருந்தன. இதே பெயர்கள் இன்னும் பல வீடுகளில் புழங்குவதால், அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

குடோனுக்குள் யாரும் போவதில்லை

மஞ்சள் மண்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஈரோட்டுப் பக்கம், விலை ஏறட்டும் என்று மூட்டைகளைக் குடோனில் போட்டு வைத்திருப்பார்கள். மூட்டை உங்களுடையதுதான். ஆனாலும் நீங்களே உள்ளே போய் அடுக்கில் இருந்து உருவிக்கொண்டு வர முடியாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். அவர் பேரேட்டைப் புரட்டி, எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு, விரலியா கிழங்கா என்று பார்த்து, ஆளை அனுப்பி எடுத்து வரச் சொல்வார். புது மூட்டை வந்தால் காலி இடம் பார்த்து அடுக்கச் சொல்லி, பேரேட்டில் எழுதிக்கொள்வார்.

ஹார்ட் டிஸ்க் ஒரு குடோன். அதை லேப்டாப்பில் செருகினால் லேப்டாப்தான் கணக்குப்பிள்ளை. ரௌட்டரில் செருகினால் அந்த வேலை ரௌட்டருக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு உங்கள் போனோ லேப்டாப்போ டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. ‘அந்தப் படத்தைக் கொடு’, ‘இந்த வீடியோவை வாங்கி வை’ என்று ரௌட்டரிடம் கேட்கின்றன, அவ்வளவுதான். தேடுவதும் எடுப்பதும் எழுதுவதும் ரௌட்டர்.

ஏன் இப்படி ஓர் இடையாள்? ஒரே குடோனுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனிப் பேரேடு வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் காலி என்று நினைத்த இடத்தில் இன்னொருவர் ஏற்கெனவே மூட்டையை அடுக்கியிருப்பார். டிஸ்க்கிலும் அதே கதைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் அதன் கணக்கை எழுத வேண்டும். வீட்டில் ஐந்து பேர் ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். எப்போதும் விழித்திருப்பதாலும், எல்லாக் கருவிகளோடும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதாலும் அந்த வேலை ரௌட்டருக்குப் பொருந்துகிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: டிஸ்க் ரௌட்டரின் கையில் இருக்கிறது, நாம் கேட்டு வாங்குகிறோம். இனிமேல் வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளைக்கிறது.

ரௌட்டருக்குள் ஒரு குட்டிக் கணினி

வீட்டுக் கருவிகளையும் வெளியே உள்ள இணையத்தையும் இணைத்து, எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் பெட்டிதான் ரௌட்டர். விளக்கு மினுக்கும் வெறும் பெட்டியாகத் தெரிந்தாலும் அதற்குள் பிராசஸர் உண்டு, நினைவகம் உண்டு. பெரும்பாலான ரௌட்டர்களில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். நினைவகம் மட்டும் மிகக் குறைவு, பல வீட்டு ரௌட்டர்களில் 128 அல்லது 256 மெகாபைட்தான். இன்றைய சாதாரண போனில் இருப்பதில் இது சிறு துளி.

வாசலில் நின்று நாம் கேட்பதற்கும் கணக்குப்பிள்ளை பதில் சொல்வதற்கும் ஒரு பொது மொழி வேண்டும் அல்லவா? அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்ததால் விண்டோஸ் கணினிகள் எல்லாம் இதைப் பேசும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் வகைக் கணினிகள் பலவற்றுக்கு இது தெரியாமல் இருந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அந்தப் பேச்சைக் கவனித்துக் கவனித்துத் தானே ஒரு மென்பொருள் எழுதி 1992 தொடக்கத்தில் வெளியிட்டார். அதுதான் சாம்பா. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி அந்தப் பெயரைப் பிடித்தார். இன்று பல வீட்டு ரௌட்டர்களில் டிஸ்க்கைப் பகிரும் வேலையைச் செய்வது சாம்பாதான். ஒரு மாணவர் ஆர்வத்தில் தொடங்கி, இலவசமாகக் கொடுத்த வேலை நம் ஹால் வரை வந்து உழைக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசை நிறைக்கிற விஷயம்.

பயன்படுத்துவது எப்படி? வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஒரு கதவு எண் கொடுக்கிறது. அதை ஐபி முகவரி என்பார்கள். ரௌட்டருக்கும் ஒன்று உண்டு, பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. விண்டோஸில் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று அடித்து என்டர் தட்டினால் பகிரப்பட்ட டிஸ்க் தெரியும். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-இல் இருந்து ‘ஃபைல்ஸ்’ செயலியிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் எஸ்எம்பி தெரிந்த ஃபைல் மேனேஜர் செயலி ஒன்றைப் போட வேண்டியிருக்கும். டிவிக்கு மட்டும் டிஎல்என்ஏ என்ற வேறொரு வழி உண்டு. அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஃபைலை மாற்றவோ அழிக்கவோ முடியாது. குழந்தைகள் ரிமோட்டோடு விளையாடும் வீட்டில் அது நல்லதுதான்.

‘கிளவுட்’ என்ற பெயர் எங்கே தடுமாறுகிறது என்பது இங்கேதான் தெரியும். கிளவுட் என்றால் ஏதோ ஒரு நிறுவனம், எங்கோ இருக்கும் பெரிய கட்டடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுத்துப் பார்த்துக்கொள்ளும் சேமிப்பு. அதைத் தொட இணையம் வேண்டும். மாமா வீட்டு டிஸ்க்குக்கு இணையமே வேண்டாம். ஃபைபர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், யூடியூப் நின்றுவிடும், டிஸ்க்கில் உள்ள படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாத டேட்டா கணக்கிலும் அது சேராது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள எந்த நிறுவனமும் இல்லை. இருப்பது ஒரே பிரதி, அதுவும் டிவிக்குப் பக்கத்தில்.

பேரேடும் சிட்டையும்

எந்த ஃபைல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று எழுதி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். நம் உவமையில் அதுதான் பேரேடு. கடையில் இதையே ‘என்ன ஃபார்மட்?’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறைமையும் ஒவ்வொரு எழுத்தில் எழுதிய பேரேடு மாதிரி. ரௌட்டருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியவில்லை என்றால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடும்.

வீட்டில் எதிர்ப்படும் முறைமைகள் நான்குதான். ஃபேட்32 பழையது, எல்லாக் கருவிக்கும் படிக்கத் தெரியும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இணைச்சீரில் தொடங்கித் தாலி கட்டு வரை ஒரே ஃபைலாகக் கொடுக்கும் கல்யாண வீடியோ அதைச் சுலபமாகத் தாண்டும். டிஸ்க்கில் பாதிக்கு மேல் இடம் இருக்கும்போதே ‘ஃபைல் பெரிது’ என்று மறுக்கிறதே என்று குழம்புபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ஃபேட் 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்தது, அதில் அந்த 4 ஜிபி வேலி இல்லை. சில பழைய ரௌட்டர்களுக்கு மட்டும் அதைப் படிக்கத் தெரியாது. என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. ஈஎக்ஸ்டி4 லினக்ஸின் சொந்த முறைமை, 2008-இல் வந்தது. ரௌட்டருக்கு அது மிகவும் பழகிய எழுத்து, ஆனால் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் நேராகச் செருகினால் திறக்காது.

இவற்றுக்குள் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. மாமாவின் படங்களுக்கு அதுதான் உயிர்நிலையாக இருந்தது. நல்ல கணக்குப்பிள்ளை மூட்டையை நகர்த்தும் முன் சிட்டையில் ஒரு வரி எழுதிக்கொள்வார்: ‘மூன்றாம் வரிசையில் இருந்து ஐந்தாம் வரிசைக்கு மாற்றப் போகிறேன்.’ வேலை முடிந்ததும் பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சிட்டையில் அடித்துவிடுவார். நடுவில் விளக்கு அணைந்தாலும், திரும்பி வந்து சிட்டையைப் பார்த்தால் எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும். கணினி உலகில் இந்தச் சிட்டையை ஜர்னல் என்கிறார்கள். என்டிஎஃப்எஸ்ஸிலும் ஈஎக்ஸ்டி4-இலும் ஜர்னல் உண்டு. ஃபேட்32-இலும் எக்ஸ்ஃபேட்டிலும் இல்லை.

மாமாவின் டிஸ்க் எக்ஸ்ஃபேட். பேரேடு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனதால் அது பாதியில் கிழிந்த மாதிரி ஆனது. மூட்டைகள் குடோனில் அப்படியே இருந்தன, எது எங்கே என்ற கணக்குதான் போய்விட்டது. லேப்டாப் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்டதற்கு ‘பேரேடு புரியவில்லை, புதுசாக ஒன்று தொடங்கட்டுமா?’ என்று அர்த்தம். நல்லவேளையாக யாரும் ‘சரி’ அழுத்தவில்லை. மீட்பு மென்பொருள் கொண்டு டிஸ்க்கைக் கோடிவரை படித்து, பெரும்பாலான படங்களை எடுத்துவிட்டோம். ஆனால் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, எல்லாம் வெறும் எண்கள். அத்தை இன்னும் சாயங்காலங்களில் உட்கார்ந்து எது எந்த வருடத்துப் பொங்கல் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஜர்னல் இருந்தால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது முக்கியமாகப் பேரேட்டைத்தான் காக்கும். பாதி ஏறிய வீடியோ பாதிதான் இருக்கும். ஆனாலும் ஒரு வீடியோவை இழப்பதற்கும் டிஸ்க் முழுவதையும் இழப்பதற்கும் எவ்வளவு தூரம்! டிஸ்க்கை அவ்வப்போது கழற்றி லேப்டாப்பிலும் செருகும் வீட்டுக்கு நான் என்டிஎஃப்எஸ்தான் சொல்வேன், உங்கள் ரௌட்டர் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டு. ஃபார்மட் மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, சுருக்கமாக: கோப்பு முறைமை என்பது பேரேடு, ஜர்னல் என்பது சிட்டை. பேரேடு சிதைந்தால் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கரண்ட்: இரண்டு விதமான சிக்கல்

முதல் சிக்கல், போதுமான கரண்ட் கிடைக்காதது. போர் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் கொஞ்சமாகத்தான் இழுக்கும், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். லோ வோல்டேஜில் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் ஒரு மோட்டார்தான் இருக்கிறது. தட்டுகள் அசையாமல் இருக்கும் நிலையில் இருந்து நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகம் பிடிக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய கரண்ட் 500 மில்லியாம்பியர், யூஎஸ்பி 3.0 துளைக்கு 900. கையடக்க டிஸ்க் சில கிளம்பும்போது 1 ஆம்பியரை நெருங்கும். அதனால்தான் லேப்டாப்பில் ஓடுகிற டிஸ்க் ரௌட்டரில் ‘டிக்… டிக்…’ என்று தட்டிக்கொண்டு, தோன்றித் தோன்றி மறைகிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள். தனக்கென்று 12 வோல்ட் அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது சிக்கல்தான் மாமா வீட்டில் நடந்தது. டிஸ்க் மெதுவானது, நினைவகம் வேகமானது. அதனால் நீங்கள் அனுப்பும் ஃபைலை ரௌட்டர் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து எழுதுகிறது. இந்த இடைக்கிடங்குக்கு கேஷ் என்று பெயர். லினக்ஸின் இயல்பான அமைப்பில் இப்படி வாங்கி வைத்த தகவல் 30 விநாடி வரை கூட டிஸ்க்கில் இறங்காமல் இருக்கலாம். மூட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு ‘ஆச்சுங்க, நீங்க போங்க’ என்று சொல்லிவிட்டு, ஆள் வந்ததும் உள்ளே அடுக்குவது போல. திரையில் 100 சதவீதம் என்று வந்த பிறகும் டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கடைசி மூட்டைகள் உள்ளே போகும் நேரம். அப்போது கரண்ட் போனாலோ, ஒயரைப் பிடுங்கினாலோ, வாசலில் இருந்தது போயிற்று, பேரேடும் அரைகுறையாகி நிற்கிறது.

நம் பக்கம் இதற்கு வாய்ப்பு அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எல்லாம் வாரிக்கொண்டு போகும். மட்டை விழும், லைன் டிரிப் ஆகும், வந்துவந்து போகும். அப்படி நாலு தடவை வந்து போவது, ஒரேயடியாகப் போவதை விட டிஸ்க்குக்குக் கெடுதல், ஒவ்வொரு முறையும் மோட்டார் புதிதாகக் கிளம்ப வேண்டும். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின் நிறுத்தம் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுவதால் அது நமக்கு உதவி என்றே சொல்வேன்.

ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போடுவது நல்லது. வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் பாருங்கள், டிஸ்க்குக்கான கரண்டும் அதே வழியாகத்தான் போகிறது. டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருந்தால் அதையும் யூபிஎஸ்ஸில் கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரௌட்டர் உயிரோடு இருந்து டிஸ்க் மட்டும் செத்தாலும் பேரேடு கிழிவது கிழிவதுதான்.

கழற்ற வேண்டிய நேரத்தில் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். பிரவுசரில் அதே 192.168.1.1 அடித்தால் வரும், அல்லது ரௌட்டரின் செயலியில் இருக்கும். யூஎஸ்பி என்ற தலைப்புக்குக் கீழே டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றும் பொத்தானைத் தேடுங்கள். அதை அழுத்தினால் ‘வாசலில் உள்ளதை எல்லாம் உள்ளே அடுக்கி, பேரேட்டை மூடி வை’ என்று கட்டளை. டிஸ்க்கின் விளக்கு அடங்கிய பிறகு ஒயரை எடுக்கலாம். நாள் கணக்கில் யோசித்து ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பழகிக்கொள்வதானால் இதைத்தான் பழகச் சொல்வேன்.

எங்கே மெதுவாகிறது

‘நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன், டிஸ்க் ஏன் மெதுவாக இருக்கிறது?’ என்ற கேள்வி அடிக்கடி வரும். பிளான் வேகம் வெளியே இருந்து வீட்டுக்கு வரும் சாலை. டிஸ்க் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அந்தச் சாலையில் அது ஏறுவதே இல்லை. இங்கே கணக்கு வேறு: போனில் இருந்து ரௌட்டர் வரை வைஃபை, ரௌட்டரின் பிராசஸர், யூஎஸ்பி துளை, டிஸ்க் என்று வரிசையாக நாலு வாய்க்கால். எது குறுகலோ அதன் அளவுக்குத்தான் தண்ணீர் வரும்.

ஒயர் போட்டால் கணக்குத் துல்லியமாகத் தெரியும். மலிவான ரௌட்டர்களின் லேன் துளை விநாடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக 12.5 மெகாபைட், கைக்கு வருவது சுமார் 11. 40 ஜிபி கல்யாண வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஜிகாபிட் துளை இதைப் போல் பத்து மடங்கு, ஆனால் அப்போது ரௌட்டரின் பிராசஸர் குறுகலாகிவிடும். அதனால் முதல் முறை மொத்தமாக ஏற்றும்போது டிஸ்க்கை லேப்டாப்பிலேயே செருகி ஏற்றிவிட்டு, பிறகு ரௌட்டரில் வையுங்கள்.

ஒரு விநோதம்: யூஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் அதே அலைவரிசைப் பக்கம் இரைச்சலை உண்டாக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. டிஸ்க்கைச் செருகிய நாள் முதல் வைஃபை மந்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புங்கள். டிஸ்க்கை ரௌட்டரின் ஆன்டெனாவில் இருந்து தள்ளி வைத்தாலே பாதி சரியாகும். ரௌட்டர் தலை மேல் டிஸ்க்கை அடுக்கி வைப்பதை ஈரோட்டு, கரூர் வெயிலுக்காகவும் தவிர்க்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று சுட வைக்கும்.

இன்னொன்று. கணக்கு மென்பொருளின் டேட்டாவை இதில் வைத்துக் கடை நடத்தாதீர்கள். அவை விநாடிக்கு விநாடி சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும், வைஃபை ஒரு நொடி விட்டாலும் கணக்கு உடையலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: டிசைன் படம், பில் ஸ்கேன் எல்லாம் இருக்கட்டும், கணக்கு வேண்டாம்.

ஒரம்பரைக்கு ஒரு வாசல், வீட்டுக்கு ஒரு வாசல்

நம் ஊரில் ஒரம்பரை வந்தால் தண்ணி கொடுத்த கையோடு வைஃபை பாஸ்வேர்டும் கொடுத்துவிடுகிறோம். பல ரௌட்டர்களில் டிஸ்க் பகிர்வைப் போட்டவுடன் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், வைஃபைக்குள் வந்த எவருக்கும் உங்கள் ஆதார் ஸ்கேன், பத்திர நகல் எல்லாம் திறந்தே கிடக்கும். ரௌட்டரில் ‘கெஸ்ட்’ என்ற தனி வைஃபை இருக்கிறது. அதில் இருப்பவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும்படி வைக்கலாம், வீட்டுக் கருவிகளும் டிஸ்க்கும் தெரியாது. ஒரம்பரைக்கு அந்த வாசலைக் கொடுங்கள். வீட்டு ஆட்களுக்கு டிஸ்க்கில் பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை விண்டோஸே இப்போது மறுக்கத் தொடங்கிவிட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இன் புரோ பதிப்பு அப்படித்தான். ‘நேற்று வரை திறந்தது, அப்டேட் போட்டதும் திறக்கவில்லை’ என்பதற்கு அது ஒரு காரணம்.

எஸ்எம்பியின் முதல் பதிப்பு இன்னும் சில பழைய ரௌட்டர்களில் இருக்கிறது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வான்னகிரை என்ற தீநிரல் பரவியது, விண்டோஸில் அந்தப் பழைய பதிப்புக்கு இருந்த ஓட்டை வழியாகத்தான். ரௌட்டருக்காக அந்தப் பழைய பதிப்பை உங்கள் லேப்டாப்பில் திரும்ப இயக்கச் சொல்லி யாராவது வழி காட்டினால் கேட்காதீர்கள். ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், இல்லை என்றால் ரௌட்டரை மாற்றுங்கள்.

‘வெளியூரில் இருந்தும் டிஸ்க்கைத் திறக்கலாம்’ என்ற பொத்தானைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: அணைத்தே வையுங்கள். ஆசஸ் ரௌட்டர்களில் அப்படி ஒரு வசதி இருந்தது. அதில் ரௌட்டர் தானாகவே வைத்துக் கொடுத்த பயனர் பெயர் ‘ஃபேமிலி’, பாஸ்வேர்டும் ‘ஃபேமிலி’. 2014-இல் ஊடுருவியவர்கள் இது போன்ற ஓட்டைகள் வழியாக 12,900-க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் போனார்கள். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2016-இல் அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று ஒப்பந்தம் ஆனது. அந்த 12,900 பேரில் எத்தனை பேர் டிஸ்க் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள்!

‘பேக்கப்’ என்று எப்போது சொல்லலாம்

மாமாவிடம் இரண்டாவது டிஸ்க் வாங்கச் சொன்னபோது, “இதே ஒன்னு பேக்கப்தான மாப்ள, அதுக்கு எதுக்கு இன்னொன்னு வாங்கோணும்?” என்றார்.

“போன்ல ஒன்னு, டிஸ்க்ல ஒன்னு இருந்தாத்தானுங் மாமா அது பேக்கப். போன்ல அழிச்ச நிமிசமே டிஸ்க்ல இருக்கறதுதான் அசலாப் போச்சுங்” என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஒரே விபத்து இரண்டு பிரதிகளையும் தொடக் கூடாது, அதுதான் பேக்கப்புக்கு இலக்கணம். ரௌட்டரில் நிரந்தரமாகச் செருகிய டிஸ்க்குக்குக் கரண்ட், கீழே விழுதல், திருட்டு எல்லாம் ஆபத்து. கூடவே வீட்டு ஆட்களாலும் ஆபத்து இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் இருந்து பகிர்வு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராகப் போய்விடும். லேப்டாப்பில் பணம் கேட்டுப் பூட்டும் தீநிரல் வந்தால், அந்த லேப்டாப்புக்கு எழுத அனுமதி உள்ள டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். அதனால் இரண்டாவது டிஸ்க் எதிலும் செருகாமல் தனியாக இருக்க வேண்டும். வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது மாமா வீட்டில் நடப்பது இது. பராமரிப்பு மின் நிறுத்தம் என்று பேப்பரில் வந்ததும், முந்தின நாள் சாயங்காலம் மச்சான் ரௌட்டர் பக்கத்தில் பொத்தானை அழுத்தி டிஸ்க்கைக் கழற்றுகிறான். பெருந்துறையில் சித்தி வீட்டுப் பீரோவில் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கை மாமா அதற்குள் வாங்கி வந்துவிடுவார். இரண்டையும் லேப்டாப்பில் செருகி, புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகல் எடுக்கிறார்கள். முடிந்ததும் இரண்டாவது டிஸ்க்கில் கைக்கு வந்த நாலைந்து ஃபைல்களைத் திறந்து ஓடுகிறதா என்று பார்ப்பது அத்தையின் வேலை. போன முறை அவர் திறந்தது இணைச்சீர் வீடியோ. ஐந்து நிமிடம் பார்த்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தார், முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.